டிரைவரால் விழும் கணினி: பின்வாங்குவதா, துடைத்துப் போடுவதா, விண்டோஸ் அடிப்பதா?

திருகோணமலை உப்புவெளியில் என் அக்கா வைத்திருக்கும் கடை சின்னது. போட்டோ கொப்பி, பிரின்ட், ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான் ஓடுகிறது. பல்கலைக்கழக விண்ணப்பம் போடுகிற நாட்களில் பிள்ளைகள் வாசல் வரைக்கும் நிற்பார்கள். அப்படி ஒரு காலையில் அந்தக் கணினி நாலு தரம் விழுந்தது. பிடிஎஃப் ஒன்றைத் திறந்து பெரிதாக்கினால் திரை ஒரு கணம் கறுக்கும், திரும்ப வரும், மறுபடி கறுக்கும். அதற்குப் பிறகு நீலத்திரை. அதன் அடியில் சின்ன எழுத்தில் ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று ஒரு வரி.

அக்கா டவுனில் ஒரு கடைக்கு போன் எடுத்தா. கடைக்காரர் கணினியைப் பார்க்காமலே சொன்னார்: “கொண்டு வாங்கோ அக்கா, விண்டோஸ் அடிச்சுத் தாறம், பின்னேரம் எடுக்கலாம்.” பிறகுதான் அக்கா எனக்கு எடுத்தா. “தம்பி, அடிக்கக் குடுக்கட்டா?” விண்டோஸ் அடிப்பது என்றால் கணினியில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது.

ஒரு இரவு பொறுக்கச் சொன்னேன். அந்த இரவில் நான் என்ன யோசித்தேன், எந்த வழியை ஏன் ஒதுக்கினேன், எதை எடுத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். திருகோணமலையில் வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார். பெரும்பாலும் கணினியைப் போர்மட் பண்ணிய பிறகு, “பழைய ஃபைல் எடுக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அதற்கு முதலே வந்திருந்தால் நல்லாயிருக்குமே என்று ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்ளும்.

குற்றவாளி டிரைவர்தானா?

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் ஒரு பாகத்துக்கும் நடுவில் நின்று பேசுகிற சின்ன மென்பொருள். திரைக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று என்று இருக்கும். ஒரு சாதாரண புரோகிராம் பிழை விட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும். ஆனால் டிரைவர்களில் பெரும்பாலானவை விண்டோஸின் கருவுக்குள்ளேயே, அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. அங்கே ஒன்று தடம் மாறினால் முழுக் கணினியையும் நிறுத்துவதைத் தவிர விண்டோஸுக்கு வேறு வழியில்லை. தகவல்கள் பழுதாகாமல் இருக்க விண்டோஸ் தானே பிரேக் பிடித்து நிற்பதுதான் நீலத்திரை. அண்மைக் காலத்தில் விண்டோஸ் 11 இல் அந்த நீலம் கறுப்பாகிவிட்டது. நிறம் மாறினாலும் விஷயம் அதேதான்.

அந்தத் திரையில் வரும் சொல்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது. அக்காவுக்கு வந்த டிடிஆர் பிழையின் இலக்கம் 116. திரை அட்டையிடம் விண்டோஸ் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வழக்கமாக 2 விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் திரை டிரைவரை நிறுத்தி மறுபடி எழுப்பப் பார்க்கும். திரை கறுத்து மீண்டு வந்தது அந்த முயற்சிதான். எழுப்ப முடியாமல் போனால் 116. மடிக்கணினியை மூடித் திறக்கும்போது விழுந்தால் பெரும்பாலும் 9எஃப் என்று வரும், ஏதோ ஒரு டிரைவர் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழும்பவில்லை என்று பொருள். 133 என்றால் ஒரு டிரைவர் நேரத்துக்கு வேலையை விட்டுக் கொடுக்கவில்லை, ஹார்ட் டிஸ்க் பக்கத்து டிரைவரை முதலில் பாருங்கள். டி1 என்பது டிரைவர் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட கதை, அதில் வைஃபை, லேன் டிரைவர்கள் அடிக்கடி மாட்டும்.

124 வந்தால் மட்டும் டிரைவரை விட்டுவிடுங்கள். அது வன்பொருளே முறையிடுகிற இலக்கம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இலக்கம் வந்தாலும் எனக்கு முதலில் ரேமில், அதாவது நினைவக அட்டையில்தான் சந்தேகம் போகும். கடலோர ஊர் இது. உப்புக்காற்றில் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றி, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் போட்டதும் ‘டிரைவர் பிரச்சினை’ காணாமல் போன கணினிகள் உண்டு. கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் மட்டும் விழுந்து காலையில் நன்றாக ஓடுகிறது என்றால் விசிறிக்குள் இருக்கும் தூசியைப் பாருங்கள். இன்னும் சந்தேகம் தீராவிட்டால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்ட பென்டிரைவில் இருந்து கணினியை எழுப்பி ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அங்கேயும் விழுந்தால் விண்டோஸ் டிரைவரைக் குறை சொல்வதில் பயனில்லை.

அக்காவின் கணினியில் நான் முதலில் திறந்தது ரிலையபிலிட்டி மானிட்டர். ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் வரும். நாள் நாளாக ஒரு கோடு ஓடும், பிழை வந்த நாளில் சிவப்புப் புள்ளடி விழும். இரண்டு வாரம் கோடு மேலே நேராகப் போய், ஒரு செவ்வாய்க்கிழமை படக்கென்று கீழே இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் புள்ளடி. “அக்கா, அந்தச் செவ்வாய் என்ன நடந்தது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: “கலர் பிரின்டர் வேலை செய்யேல்ல எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து ஏதோ டிரைவர் பேக் ஒண்டு போட்டுவிட்டவன்.”

பல டிரைவர்களை ஒரேயடியாகப் போட்டுவிடும் தொகுப்புதான் டிரைவர் பேக். இலக்கமும் நாளும் ஒரே பக்கம் கையை நீட்டின. இனி என்ன செய்வது என்பதுதான் மிச்சம்.

கணினி எழும்பவே மறுத்தால்

விண்டோஸ் வரும் முன்பே விழுகிற கணினியில் எந்த வழியைத் தொடவும் சேஃப் மோட் வேண்டும். தொடங்கும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து மூன்று தரம் அணைத்தால் மீட்புத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 4 ஐ அழுத்தவும். நெட்டும் வேண்டுமென்றால் 5. அங்கே விண்டோஸ் கட்டாயம் வேண்டிய டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வரும். சேஃப் மோடில் விழாமல் நிற்கிறது என்றால் டிரைவர் மீதான சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். மீட்புத் திரை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது அநேகமாக உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் கிடக்கும், போனிலேயே உள்ளே போய் எடுக்கலாம். ஆனால் கணினி வாங்கிய கடையில் யாரோ ஒருவருடைய கணக்கில் விண்டோஸைத் தொடக்கிக் கொடுத்திருந்தால் அந்தச் சாவி உங்களிடம் இல்லை. கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே அதைத் தேடி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு ஃபைலை அதன் டிரைவர் படித்ததும் கணினிகள் நீலத்திரைக்குப் போயின. மைக்ரோசாப்ட் கணக்கில் 85 லட்சம் கணினிகள். விமான நிலையங்களில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். அவ்வளவு கணினிக்கும் மருந்து என்ன? சேஃப் மோடுக்குப் போய் அந்த ஒரு ஃபைலை அழிப்பது. விண்டோஸை அழித்துத் திரும்பப் போட வேண்டியிருக்கவில்லை. பல இடங்களில் மீட்பு இழுபட்டதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று அந்த 48 இலக்கச் சாவி கையில் இல்லாதது. “அடிச்சால் சரி” என்று யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பின்வாங்குவது

முதலில் பார்க்க வேண்டிய வழி ரோல் பேக், அதாவது முன்பு இருந்த டிரைவருக்குத் திரும்புவது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சந்தேகப்படும் பாகத்தின் புரோபர்ட்டீஸில் டிரைவர் பக்கத்துக்குப் போனால் அந்தப் பொத்தான் இருக்கும். நெட் தேவையில்லை, ஃபைல் எதுவும் போகாது, 5 நிமிட வேலை. அப்டேட்டுக்கு அடுத்த நாள் விழத் தொடங்கிய கணினிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. எனக்கு ஒரு பிள்ளை மூதூரிலிருந்து போன் எடுத்து, நான் சொல்லச் சொல்ல அவளே செய்து முடித்தாள். பஸ் காசு மிச்சம்.

குறை ஒன்றுதான்: ஒரு படிதான் பின்னால் போகலாம். பழைய டிரைவர் சேமிப்பில் இல்லாவிட்டால் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அக்காவின் கணினியில் பொத்தான் உயிரோடுதான் இருந்தது. அழுத்தினேன், ரீஸ்டார்ட் ஆனது, பிடிஎஃபைப் பெரிதாக்கினேன், அதே கறுப்பு. டிரைவர் பேக்கை அந்தப் பிள்ளை இரண்டு தரம் ஓட்டியிருக்கிறான். முதல் தரம் போட்ட பிழையான டிரைவருக்குத்தான் நான் திரும்பிப் போயிருக்கிறேன்.

பிரின்டருக்கு இந்தப் பொத்தானே உதவாது. பிரின்டர் டிரைவரைப் பழையதற்கு மாற்ற வேண்டுமென்றால் பிரின்டரை நீக்கி, பிரின்ட் சர்வர் புரோபர்ட்டீஸில் அதன் டிரைவர் பொதியையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.

ரீஸ்டோர் பாயின்ட்

இது கணினியின் அமைப்புகளை ஒரு பழைய நாளுக்குக் கொண்டு போகும். படம், ஆவணம் எதுவும் தொடப்படாது. அந்த நாளுக்குப் பிறகு போட்ட புரோகிராம்களும் டிரைவர்களும் போய்விடும். எந்த டிரைவர் குற்றவாளி என்று பிடிபடாதபோது, அல்லது டிரைவர் பேக் ஒரே மூச்சில் பத்து டிரைவரை மாற்றிவிட்டபோது, ரோல் பேக்கைவிட இதுவே மேல். பத்தையும் ஒவ்வொன்றாகத் தேடித் திருப்பத் தேவையில்லை.

ஆனால் பல கணினிகளில் இந்த வசதி அணைந்தே கிடக்கிறது. அக்காவினதும் அப்படித்தான், பட்டியலில் ஒரு நாள்கூட இல்லை. இருந்திருந்தால் அந்த இரவு 20 நிமிடத்தில் முடிந்திருக்கும். உங்களுடையதில் இன்றைக்கே ‘ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடி, சி டிரைவுக்கு அதை ஓன் பண்ணி விடுங்கள். செலவு டிஸ்க்கில் சில ஜிபி இடம் மட்டும். ஓட விடும்போது மடிக்கணினி சார்ஜரிலும் இருக்கட்டும், பற்றரியும் நிறைந்திருக்கட்டும். பாதியில் கரன்ட் போனால் இருக்கிற பிரச்சினையோடு இன்னொன்றும் சேர்ந்துவிடும்.

துடைத்துப் போட்டு, சரியானதைப் போடுவது

என் கையால் அதிகம் செய்தது இதுதான். நேரம் கூட எடுக்கும், கவனமும் வேண்டும், ஆனால் திரும்ப வராத மாதிரி முடிகிற வழியும் இதுவே.

டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது டிரைவரையும் நீக்கவா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அதில் சரி போடாமல் விட்டால் பாகம் மட்டும்தான் பட்டியலில் இருந்து போகும். டிரைவர் விண்டோஸின் களஞ்சியத்திலேயே இருக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் அதே பிழையானது திரும்ப வந்து உட்காரும். “நான் அன்இன்ஸ்டால் பண்ணினேன், சரிவரவில்லை” என்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பெட்டியைக் கவனிக்காதவர்கள். திரை டிரைவர்களுக்கு டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. சேஃப் மோடில் ஓட்டினால் மிச்சம் மீதி எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடும். ஓட்டும் முன் நெட்டைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் துடைக்கத் துடைக்க விண்டோஸ் அப்டேட் பின்னால் வந்து தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போட்டுவிடும்.

திரை டிரைவரை எடுத்தால் திரையே வராமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். விண்டோஸிடம் அடிப்படை டிரைவர் ஒன்று எப்போதும் இருக்கும். எழுத்து பெரிதாக, கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். வைஃபை டிரைவர்தான் கவனம். அதை எடுத்த பிறகு புதியதை இறக்க நெட் இருக்காது. முதலே பென்டிரைவில் இறக்கி வையுங்கள். மறந்துவிட்டால் போனை வயரில் கொழுவி யூஎஸ்பி டெதரிங் போடலாம். ஹார்ட் டிஸ்க் கட்டுப்படுத்தியின் டிரைவரை மட்டும் இந்த முறையில் அன்இன்ஸ்டால் பண்ணிப் பார்க்காதீர்கள். விண்டோஸால் தான் இருக்கிற டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

சரி, துடைத்தாயிற்று. புதியதை எங்கிருந்து எடுப்பது? இதுதான் உண்மையான தெரிவு. மூன்று இடம் உண்டு: விண்டோஸ் அப்டேட், மடிக்கணினி செய்த நிறுவனத்தின் தளம், சிப் செய்த நிறுவனத்தின் தளம்.

விண்டோஸ் அப்டேட் சுகமானது. வைஃபை, ஒலி, புளூடூத் போன்றவற்றுக்கு அது தருவது போதும், நான் மறு யோசனை இல்லாமல் எடுப்பேன். திரைக்கு அது தருவது சில நேரம் பழையது, சில நேரம் உங்கள் மாடலுக்குப் பொருந்தாத பொதுவானது.

மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் இருப்பது கொஞ்சம் பழையதாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் மாடலிலேயே போட்டுப் பார்த்தது. மடிக்கணினிகளில் திரை, மின்சாரம், வெப்பம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இன்டெல்லின் திரைச் சிப்பும் என்விடியாவின் திரைச் சிப்பும் சேர்ந்திருக்கும் கணினிகளில் எந்தச் சிப் எப்போது வேலை செய்வது என்பதையும் இந்த டிரைவர்கள்தான் பார்த்துக்கொள்கின்றன. அதனால் விழுகிற மடிக்கணினிக்கு என் முதல் தெரிவு இதுதான், திகதி 4 வருடம் பழையதாக இருந்தாலும் சரி. ‘புதியது என்றால் நல்லது’ என்ற எண்ணம் டிரைவர் விஷயத்தில் பொருந்தாது.

சிப் நிறுவனத்தின் தளம் மேசைக் கணினிக்காரருக்கும் கேம் விளையாடும் பிள்ளைகளுக்கும். புதிய விளையாட்டுக்குப் புதிய டிரைவர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் என்விடியா டிரைவர் ஒன்று அரை ஜிபிக்கு மேல் வரும். இரவு டேட்டாவில் இறக்குவதுதான் கட்டுப்படியாகும்.

எதை எடுத்தாலும் பாகத்தின் சரியான பெயர் தெரிய வேண்டும். டிவைஸ் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வெயர் ஐடியைத் தெரிவு செய்தால் நீளமான ஒரு குறி வரும். ‘வென்’ என்ற மூன்று எழுத்துக்குப் பிறகு வரும் 4 இடங்கள் நிறுவனத்தைச் சொல்லும். 8086 இன்டெல், 1002 ஏஎம்டி. ‘டெவ்’ என்பதற்குப் பிறகு வருபவை எந்தச் சிப் என்பதைச் சொல்லும். மஞ்சள் முக்கோணத்தோடு ‘பெயர் தெரியாத பாகம்’ என்று நிற்பதையும் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். தேடும்போது முதலில் வருகிற, பச்சைப் பொத்தான் பெரிதாகப் போட்ட டிரைவர் தளங்களைத் தாண்டிப் போங்கள். கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் கொடுத்தால் அந்தக் கணினிக்கு உரிய பட்டியல் மட்டும் வரும்.

டிரைவர் பேக், டிரைவர் அப்டேட்டர்

இதைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. வேண்டாம். அவை ஹார்ட்வெயர் ஐடியைப் பார்த்துக் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்து, புதியது என்ற ஒரே காரணத்துக்காக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களையும் சேர்த்து மாற்றும். கேட்காத புரோகிராம்களும் கூடவே வந்து இறங்குவதைக் கண்டிருக்கிறேன். நெட்டே இல்லாத இடத்தில் லேன் டிரைவர் ஒன்றை மட்டும் எடுக்க டெக்னீஷியன் ஒருவர் பாவித்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை. எல்லா டிரைவரையும் மாற்றச் சொல்லும் பொத்தானை அழுத்துவதுதான் ஆபத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளை உதவி செய்யும் நல்ல மனதோடுதான் வந்தான், அவனில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கலர் பிரின்டரில் கழன்றிருந்தது வயர் மட்டும்.

விண்டோஸ் அடிப்பது

கடைக்காரருக்கு இது ஏன் பிடிக்கிறது என்பது விளங்குகிறது. காரணம் தேடத் தேவையில்லை, எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலே தெரியும், கணினியும் வேகமாகத் தெரியும். அவர்களுக்கும் வரிசையில் பத்துக் கணினி காத்திருக்கிறது. இழப்பு முழுக்க உங்கள் பக்கம்.

அக்காவின் கணினியில் என்ன போகும் என்று ஒரு தாளில் எழுதினேன். கடைக் கணக்குப் புரோகிராம். ஸ்கானர் அமைப்புகள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் செய்து வைத்த பில் புத்தக வடிவங்கள். முக்கியமாக எழுத்துருக்கள். வருடக்கணக்கில் தட்டச்சு செய்த கடிதங்கள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாக நிற்கும். ஃபைல் பத்திரமாக இருந்தும் வாசிக்க முடியாது. ‘ஃபைலை வைத்துக்கொண்டு ரீசெட்’ என்ற தெரிவும் இதே கதைதான். ஆவணங்கள் மிஞ்சும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் எல்லாம் போகும். அதை நெட்டில் இருந்து இறக்கிச் செய்யச் சொன்னால் 4 ஜிபிக்கு மேல் டேட்டாவும் போகும்.

இவ்வளவையும் இழந்த பிறகும் பிரச்சினை தீரும் என்று உத்தரவாதம் இல்லை. புது விண்டோஸுக்கும் டிரைவர் வேண்டும். கடைக்காரர் அநேகமாக அதே டிரைவர் பேக்கைத்தான் ஓட்டுவார். ஓட்டாவிட்டால் விண்டோஸ் அப்டேட் தன் பாட்டுக்கு ஒன்றைப் போடும். காரணம் தெரியாமல் அடித்த கணினி மூன்றாம் நாள் அதே நீலத்தோடு திரும்பி வருவதைப் பல தரம் கண்டிருக்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 இல் முடிந்த பிறகு, பழைய மடிக்கணினிகளில் தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11 அடித்துக் கொடுப்பது கூடியிருக்கிறது. இன்டெல் கணினிகளில் 8 ஆம் தலைமுறைக்கு முந்திய சிப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 இன் பட்டியலிலேயே இல்லை. அந்த மாடல்களுக்கு நிறுவனத் தளத்தில் விண்டோஸ் 10 டிரைவரோடு கதை முடிந்திருக்கும். பல நேரம் அதே டிரைவர் 11 இலும் ஓடும், சில நேரம் தூக்கத்தில் இருந்து எழும்பும்போது விழும். இப்படி ‘அடிச்ச’ பிறகு விழத் தொடங்கிய கணினி என்றால் டிரைவரைத் துடைத்துத் துடைத்துப் போடுவதில் களைக்க வேண்டாம். ஃபைல்களை எடுத்துவிட்டு, அந்தக் கணினி எதோடு பிறந்ததோ அதற்குத் திரும்புங்கள், அல்லது லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள்.

போர்மட்டுக்கும் இடம் உண்டு. வைரஸ் புகுந்திருந்தால், விண்டோஸின் சொந்த ஃபைல்களே பழுதாகிப் பழுதுபார்க்கும் கட்டளைகளும் தோற்றால், யாரோ பாவித்த கணினியைப் புதிதாக வாங்கியிருந்தால், முதலில் அதைத்தான் செய்வேன். அதற்கு முதல் ஆவணங்களோடு எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்துக் கொப்பி எடுங்கள்.

நான் சொல்லக்கூடிய தெரிவு

நேற்று வரை ஓடி இன்று விழுந்தால் ரோல் பேக். எதை மாற்றினோம் என்று தெரியாவிட்டால், ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால், அது. இரண்டும் சரிவராவிட்டால் துடைத்துவிட்டு மடிக்கணினி நிறுவனத்தின் டிரைவர். கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுக்கும்போதே “என்னைக் கேக்காமல் போர்மட் பண்ண வேண்டாம், எந்த டிரைவர் எண்டு பாருங்கோ” என்று சொல்லி, நீலத்திரைப் படத்தையும் காட்டுங்கள். அந்த ஒரு படத்தைப் பார்த்ததும் வேலை செய்யும் விதத்தையே மாற்றிய கடைக்காரர்களை எனக்குத் தெரியும். காசு கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள், அவர் தேடுகிற நேரத்துக்கு அது நியாயம்.

அக்காவின் கணினியில் இரவு 9 மணிக்குத் தொடங்கினேன். தொடர் இலக்கத்தை வைத்து இன்டெல், என்விடியா டிரைவர்கள் இரண்டையும் பென்டிரைவில் இறக்கி, வைஃபையை நிறுத்தி, சேஃப் மோடில் துடைத்து, முதலில் இன்டெல், பிறகு என்விடியா என்ற வரிசையில் போட்டேன். 10.20க்கு முடிந்தது. விண்டோஸ் அப்டேட்டை 35 நாளுக்கு நிறுத்தி வைத்தேன். அது ஒத்திப்போடுவது மட்டும்தான். அதனால் அப்போதே ஒரு ரீஸ்டோர் பாயின்ட் எடுத்து, டிரைவர் பட்டியலையும் படம் எடுத்தேன். பிறகு சோதனை. 40 பக்க ஸ்கான் ஒன்றைத் திறந்து பெரிதாக்கிச் சுருக்கினேன். ஒரு வீடியோவை ஓடவிட்டபடியே பிரின்ட் கொடுத்தேன். மூடியை மூடி, பத்து நிமிடம் பொறுத்துத் திறந்தேன். இதை மூன்று தரம் செய்தேன்.

காலையில் கடை திறந்ததும் அக்கா மேசையில் இருந்த பிள்ளையின் விண்ணப்பத்தைத் திறந்து, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிதாக்கினா. என் பக்கம் திரும்பாமலே “இப்ப கறுக்கேல்ல” என்று சொல்லிவிட்டு பிரின்டைக் கொடுத்தா. அந்த இரண்டு டிரைவரும் உள்ள பென்டிரைவ், மாடல் பெயர் எழுதிய டேப் சுற்றி, இப்போது காசு லாச்சிக்குள் இருக்கிறது. 48 இலக்கச் சாவி கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்.